குடும்பத்துக்கு மட்டும்

ஜூன் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். திடீரென்று கடிதம் வந்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. எழுதினால் குரல் ஏறாது, அதனால்தான்.

நான் கிளம்பி வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை நிரந்தரமாகிவிட்டது. தங்கியிருப்பது மகளிர் விடுதி. நாலு பேருக்கு ஓர் அறை, நாலு பேருக்கும் நாலு வேளையில் அலாரம். உங்கள் வீட்டில் கூடத்துக்குக் குறுக்கே பீரோவை நிறுத்தி நமக்கென்று ஒதுக்கினார்களே, அதுவே தேவலை என்று ஒருநாள் தோன்றிவிட்டது. அன்றைக்கே வீடு தேட ஆரம்பித்துவிட்டேன்.

இந்த ஊரில் வீடு தேடுவது ஒரு தனி உத்தியோகம். முதல் வீட்டுக்குத் தரகர் ஒரு தொகை சொன்னார். "விலைக்குத் தர்றாங்களா?" என்று கேட்டேன். "வாடகைங்க" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். இன்னொரு வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே குளித்துக்கொள்ளலாம். மற்றொன்றில் ஜன்னலே கிடையாது. கேட்டால், "அதான் ஃபேன் இருக்கே" என்கிறார்கள்.

கடைசியில் ஒன்று அமைந்திருக்கிறது. மூன்றாவது மாடி, ஒரே அறை, சமையலறை தனி. சம்பளத்தில் பாதிக்கு மேல் போகும், போகட்டும். ஒரு சிக்கல்தான். கேட்டில் 'குடும்பத்துக்கு மட்டும்' என்று போர்டு தொங்குகிறது. வீட்டுக்காரம்மா கீழேயே இருக்கிறார், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "குரலை வச்சே ஆளை எடை போட்டுடும், பாத்துப் பேசுங்க" என்று தரகர் எச்சரித்தார். கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார், லீவுக்கு வந்து போவார் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு கணக்கில் பார்த்தால் அது பொய்யும் இல்லை. "சாரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, பார்த்துட்டு சாவி தர்றேன்" என்கிறார்.

பதினாறாம் தேதி ஞாயிறு. ஒரு மணி நேரம் வந்து கூட நின்றால் போதும். உங்களிடம் இனி எதுவும் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். கேட்கக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. கொஞ்ச நாளாகவே எனக்கு எதுவும் உறைப்பதில்லை.

இப்படிக்கு,
நான்தான்


ஜூன் 8

அன்புக் குள்ளிக்கு,

உன் கடிதம் பட்டறைக்கு வந்தது. வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் இருந்ததற்கு நன்றி. அம்மா பிரித்திருந்தால் தெருவே படித்திருக்கும்.

வருகிறேன். இதற்கு இவ்வளவு முன்னுரை எதற்கு? வா என்றால் வரமாட்டேனா? என்ன சட்டை போட வேண்டும் என்று எழுதவில்லையே. அந்த நீலக் கட்டம் போட்டதைப் போடுகிறேன். அதில் பொறுப்பானவன் மாதிரி இருப்பேன் என்று நீதான் சொல்வாய். இப்போது கொஞ்சம் வயிற்றில் இறுக்குகிறது, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன். பிடிக்கச் சொல்ல நீ இருக்கிறாய்.

இங்கே நம் பீரோ இப்போது சுவரோரம் போய்விட்டது. கூடம் பெரிதாகிவிட்டது என்று அண்ணிக்குச் சந்தோஷம். நான் பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறேன். ஜன்னலுக்கு வாங்கிப் போட்ட அலுமினியக் கம்பிகளுக்கு நடுவே தூங்கி எழுந்தால் உடம்பில் வரிவரியாகப் பதிந்திருக்கிறது, வேறொன்றும் குறையில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. "அவ எக்ஸ்ரே எடுத்தா சரியா இருக்கும்" என்கிறாள். நேரில் இருந்தபோது சொல்லியிருக்கலாம்.

உன்,
ஜன்னல்காரன்


ஜூன் 18

அன்புள்ள உங்களுக்கு,

சாவி கிடைத்துவிட்டது. நேற்று இரண்டு பெட்டிகளையும் பாயையும் கொண்டுவந்து போட்டேன். நன்றி.

வந்து நிற்கத்தான் கேட்டேன். நீங்கள் நிற்கவே இல்லை. குழாயை எல்லாம் திருகிப் பார்த்தீர்கள். சுவரை விரலால் தட்டி, "இங்க ஓதம் ஏறுதும்மா, பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க" என்றீர்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மேல்மாடிக் கதவை யார் பூட்டுவது என்று விசாரித்தீர்கள். அட்வான்ஸில் கொஞ்சம் குறைக்கக்கூடச் செய்தீர்கள். அந்தம்மா உருகிப் போய்விட்டார். நீங்கள் பஸ் ஏறிய பிறகு, "குடுத்து வச்சவம்மா நீ" என்றார். நான் தலையாட்டினேன்.

எட்டு வருஷம் நான் கேட்டது இந்த ஒரு மணி நேரத்தைத்தான். தனியாக ஒரு வீடு பாருங்கள் என்று பீரோவுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு கிசுகிசுவென்று கேட்டேன். அடுத்த வருஷம் என்று நீங்களும் கிசுகிசுத்தீர்கள். அந்தப் பக்கம் உங்கள் அண்ணன் இருமினால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொள்வோம். நாம் ஒருநாளாவது வாய்விட்டுச் சண்டை போட்டிருக்கிறோமா? அதனால்தான் இப்போது போனில் கத்துகிறோம் போலிருக்கிறது. வீடு பார்க்கத் தெரியாதவர் என்றே உங்களைப் பற்றி நினைத்திருந்தேன். தெரியும் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. இதற்கு எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை.

ஜன்னல் விஷயத்தில் நீங்கள் வாக்குக் கொடுத்திருக்க வேண்டாம். பழைய இரும்பு ஜன்னல் வளைந்துபோய் இரண்டு விரல் இடைவெளி விடுகிறது என்றால் அது வீட்டுக்காரம்மா பாடு. "நம்ம வீட்டு ஜன்னலை நானே செஞ்சு மாட்டிக்கிறேன்" என்று டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டீர்கள். ஜன்னல் செய்கிறவர் வீட்டில், உயரத்தில் இருந்த தாழ்ப்பாளை முக்காலி மேல் ஏறிச் சாத்திக்கொண்டிருந்தவள் நான். கல்யாணமாகி வந்த முதல் மாதமே உங்களிடம் சொன்னேன். அந்த முக்காலி இன்னும் அங்கேதான் இருக்கும். சரி, அது முடிந்த கதை.

அந்தம்மா உங்கள் கையில் இன்னொரு சாவி கொடுத்தார் அல்லவா, அதைத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

குள்ளி என்று இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடி


ஜூலை 2

அன்புள்ள உனக்கு,

பெயர் எழுதாமல் ஆரம்பித்தால் யாருக்கோ எழுதுவது மாதிரி இருக்கிறது.

ஜன்னல் முடிந்துவிட்டது. ஊரெல்லாம் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது, நான் அதைத் தள்ளிவைத்துவிட்டு இதைச் செய்தேன். நல்ல கனமான கண்ணாடி, சுற்றிலும் ரப்பர். சாத்தினால் பஸ் சத்தம் உள்ளே வராது, உள்ளே பேசுவது வெளியே போகாது. பட்டறைப் பையன்கள், "யார் வீட்டுக்குண்ணே இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யறீங்க?" என்று கேட்டார்கள். என் வீட்டுக்கு என்றேன். வாயில் வந்துவிட்டது.

அன்றைக்கு நான் நடிக்கவில்லை. நடிக்கத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். உள்ளே நுழைந்து அந்தக் காலி அறையில் உன்னைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

ஒரு விஷயம் கேட்கலாமா? அம்மாவை அக்கா தன்னோடு அழைத்துக்கொண்டு போகிறாள். உன் ஊரில் என்னைப் போன்றவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, இரண்டு பட்டறைகளில் விசாரித்துவிட்டேன். ஜன்னலோடு நானும் வந்துவிடட்டுமா? எனக்கு ஒரு பெட்டிதான். கதவுக்குப் பின்னால் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. வீட்டுக்காரம்மாவும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார், அவரிடம் சொன்ன பொய்யும் உண்மையாகிவிடும்.

சாவியை அனுப்பவில்லை. உன் பதில் வந்த பிறகு அனுப்புகிறேன்.

உன்,
ஜன்னல்காரன்


ஜூலை 9

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். அழுகையாவது வரும் என்று பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

பகலெல்லாம் "மூச்சை இழுங்க, பிடிச்சுக்குங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நான் மட்டும் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். எட்டு வருஷமாகப் பிடித்தது, எப்படி விடுவது என்று மறந்துவிட்டது.

ஜன்னல் இடைவெளிக்குப் வீணாய்ப்போன எக்ஸ்ரே ஃபிலிம்களை ஒட்டி வைத்திருக்கிறேன். காலையில் வெயில் பட்டால் யாரோ ஒருவருடைய விலா எலும்பு என் சுவரில் விழுகிறது. எனக்கு அது பழகிவிட்டது. போன வாரம் வீட்டுக்காரம்மா மேலே வந்தார். அதைப் பார்த்ததும், "என்னம்மா இது, சார் ஜன்னல் கொண்டாறேன்னாரே?" என்று கேட்டார். பொய் சொல்லிச் சொல்லி அலுப்பாக இருந்தது. வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் சொல்லட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாங்கள் சேர்ந்து இல்லை, அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்காக வரவழைத்தேன் என்று.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அன்னிக்கே தெரியும்மா. வீட்ல இருக்கப்போற புருஷன் எவனாச்சும் இவ்ளோ அக்கறையா குழாயைத் திருகிப் பார்ப்பானா? விட்டுட்டுப் போறவன்தான் பார்ப்பான்" என்றார். அவருடைய கணவரும் அவரை விட்டுப் போகும்போது எல்லா விளக்குகளையும் மாற்றிப் போட்டுவிட்டுத்தான் போனாராம். "நீ இரு. அந்த போர்டு எங்க அண்ணன் மாட்டினது. ஒத்தையா இருந்தா குடும்பம் இல்லையா?" என்று சொல்லிவிட்டு, மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

ஆகவே, பொய்யை உண்மையாக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருந்திருந்தால் வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன், சண்டை போட ஆள் வேண்டுமே. எனக்குள் தேடிப் பார்த்தேன். உங்கள் மேல் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. ஒன்றும் இல்லாத ஒருத்தியோடு வந்து கதவுக்குப் பின்னால் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

ஜன்னலைப் பார்சலில் அனுப்புங்கள். ஆள் வைத்து மாட்டிக்கொள்கிறேன். கூலியை நானே கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடி


ஜூலை 17, உன் சமையலறை

அன்புள்ள உனக்கு,

கோபித்துக்கொள்ளாதே. கோபம் வராது என்று நீயே எழுதியிருக்கிறாய், அந்தத் தைரியத்தில்தான் வந்தேன். பார்சலில் போட்டால் கண்ணாடி தாங்காது. வேறு ஆள் மாட்டினால் சுவரைக் கொத்திக் குதறிவிடுவான். நீ பகல் ஷிப்டில் இருப்பாய் என்று கணக்குப் பண்ணி வந்தேன், நீ திரும்புவதற்குள் போய்விடுவேன்.

சுற்றிலும் பூசிய சிமென்ட் காய வேண்டும். நாளைக் காலைவரை திறந்தே இருக்கட்டும், அதற்குப் பிறகு சாத்து. எக்ஸ்ரே ஃபிலிம்களைக் கிழியாமல் எடுத்து அடுக்கியிருக்கிறேன். தரையைக் கூட்டிவிட்டேன். ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தேன், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டேன்.

சாவியைக் கீழே கொடுத்துவிட்டுப் போகிறேன். மேலே ஏறி வரும்போது அந்தம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டேன் என்று சொன்னேன், அதுவும் பொய்தான்.

இனி எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
ஜன்னல்காரன்


ஜூலை 18

உங்களுக்கு,

இன்று காலை ஜன்னலைச் சாத்தப் போனேன். பழக்கதோஷம், ஏறி நிற்க எதையாவது தேடினேன். பெட்டியை இழுத்துப் போட்டு ஏறிவிட்டேன். மேலே தாழ்ப்பாளே இல்லை. பிறகுதான் பார்த்தேன், கீழே இருக்கிறது. இறங்கி நின்று கையை நீட்டினேன். கைக்கு நேராக, நீட்டிய இடத்திலேயே இருந்தது. நீங்கள் சாத்துவதென்றால் குனிய வேண்டும்.

அன்றைக்கு நீங்கள் ஜன்னலை அளந்தீர்கள், சுவரை அளந்தீர்கள். நான் கூடவேதான் நின்றேன், என்னை அளக்கவில்லை. அப்படியென்றால் என் கை எதுவரை எட்டும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். அங்கே முக்காலி மேல் ஏறிச் சாத்திய ஒவ்வொரு நாளும் தெரியும். படுத்தபடி பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? ஒரு தாழ்ப்பாளைக் கழற்றிக் கீழே மாட்ட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? யார் என்ன சொல்வார்கள் என்று இருந்தீர்கள்? உங்கள் அம்மாவா, அண்ணனா? பெண்டாட்டிக்காகத் தாழ்ப்பாளை இறக்கினான் என்று சிரித்துவிடுவார்களா? இவ்வளவு தெரிந்த மனிதர் எப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள்?

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். வேலைக்குப் போகவில்லை. எட்டு வருஷத்தில் வராத கோபம் எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது. எழுதித் தீராது போலிருக்கிறது, போனும் பத்தாது. சாவியைக் கீழேயிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். எதிரில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும், சத்தமாகக் கேட்க வேண்டும்.

ஜன்னலைச் சாத்தினால் வெளியே கேட்காது என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு.

குள்ளி