குடைக் குழாயில் வந்த திருகாணி

கொல்லம் ஆண்டு 1112, துலாம் மாதம், வெள்ளி. கரமனை.

திருகாணி வெளியே வந்துவிட்டது. படுத்தாலும் தூக்கம் வரவில்லை.

விதவையான என் மகள் ராஜத்திடம் பியானோ கற்க நாளைக் காலை முதல் மாணவி வருகிறாள். பியானோவின் மிதிகட்டையைப் பிடித்திருக்கும் திருகாணியோ துருப்பிடித்துத் தலை ஒடிந்து, மரத்துக்குள்ளேயே தங்கியிருந்தது. கண்டபடி குடைந்தால் பலகை பிளந்துவிடும். பிளந்தால் அவள் பிழைப்புக்கு வேறு வழியில்லை.

இன்று குடையை மடக்கும்போதுதான் அதன் காம்பு எஃகுக் குழாய் என்று கவனித்தேன். ஒரு துண்டு அறுத்து, விளிம்பில் அரத்தால் பல் வெட்டினேன். திருகாணியைச் சுற்றி அதை வைத்து இடப்பக்கமாகத் திருப்பினால் மரத்தை அறுத்துக்கொண்டே கழற்றியும் விடும் என்பது என் கணக்கு. சரிதானா என்று பலமுறை வரைந்து பார்த்தேன்.

"நாளைக்கு மழை பெஞ்சா பியானோவைத் தலைக்கு மேல பிடிச்சுண்டு போங்கோ" என்றாள் என் மனைவி.

"நான் திருப்பட்டுமா அப்பா?" என்றாள் ராஜம்.

"வேண்டாம்மா. பொளந்தா பழி என்னோடயே இருக்கட்டும்."

மெல்லத் திருப்பினேன். 'கிறீச்' என்றது. குழாயை இழுத்தபோது மரத்தூளோடு திருகாணியும் உள்ளே இருந்தது. பலகையில் விரிசலே இல்லை.

துளையைத் தேக்கு மர முளையும் வஜ்ரப் பசையும் வைத்து அடைத்திருக்கிறேன். பசை காய்ந்தால்தான் காலையில் புதுத் திருகாணி போட முடியும்; மழை ஈரத்தில் விடிவதற்குள் காயுமா? போய்ப் பார்க்கக் கூடாது. போனால் தொட்டுவிடுவேன்.