சம்பந்தி கொடுத்த கத்தரி விதை

ஜங்லிகாட்,
போர்ட் பிளேர்.

அன்பு மகள் உமாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மழை பிடித்ததிலிருந்து அவள் முழங்கால் மட்டும் கொஞ்சம் முரண்டு பண்ணுகிறது. நீயும் மாப்பிள்ளை கோகுலும் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகன் துணை. இதைப் போனில் சொன்னால் என்ன என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அவள் விட்டாலும் நீ சிரித்துவிடுகிறாய். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

தலைப்பிரசவத்துக்கு அங்கே வரணுமான்னு யோசிக்கிறேன்ப்பா என்று நாலு மாதம் முன்னே சொன்னாயே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே காய்கறி கப்பலில் வாடி வருகிறதாம், கோழி ஐஸில் கிடந்து வருகிறதாம். அங்கே கோயம்புத்தூரில் மாமா வாராவாரம் பொள்ளாச்சித் தோட்டத்திலிருந்து மருந்தடிக்காத காயும், கூண்டில் அடைக்காத கோழியின் முட்டையும் கொண்டுவந்து இறக்குகிறாராம். மாமா முட்டை, மாமா கீரை, மாமா செக்கு எண்ணெய். கல்யாணம் ஆகும் வரை கப்பல் காயைத்தானே தின்று வளர்ந்தாய், நோஞ்சானாகவா போய்விட்டாய்? சம்பந்தி கோவிந்தராஜ் நல்ல மனிதர், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சுக்குப் பேச்சு உன் வாயில் அவர் பேர் வந்தால் எனக்கு வயிறு எரிகிறது. பொறாமை என்கிறாள் உன் அம்மா. ஆமாம், பொறாமைதான். தலைப்பிரசவம் தாய்வீட்டு உரிமை, அதையும் ஒரு கூடை கீரையைக் காட்டி அவர் தட்டிக்கொண்டு போனால் நான் பார்த்துக்கொண்டு இருப்பேனா?

அதனால்தான் உனக்குச் சொல்லாமல் வீட்டை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வருகிறேன். முதலில் பாக்கெட் எண்ணெயை நிறுத்தினேன், இப்போது நம் தீவுத் தேங்காயை ஆட்டிய எண்ணெய்தான். பிறகு ஐஸ் கோழி நின்றது. கப்பல் வந்த அன்றைக்கு அபர்டீன் பஜாரில் மூட்டை பிரிக்கும் முன்னே போய் நிற்பேனே, அதையும் விட்டேன். பின்னால் பாத்தி கட்டிக் கீரையும் வெண்டையும் போட்டேன், பஜாரில் நானே வாங்கிய விதை. நாங்கள் உன்னைப் பார்க்க அங்கே வந்தபோது சம்பந்தி தாளில் மடித்துக் கொடுத்த கத்தரி விதையைத் தொடவே இல்லை. அவர் விதையைப் போட்டா நான் அவரை ஜெயிப்பது?

எல்லாம் நன்றாக முளைத்தது. மழை இறங்கியதும் நத்தை வந்தது, உள்ளங்கை அகலம் ஒவ்வொன்றும். மருந்து வைக்கக் கூடாது என்பது உன் சட்டம். உப்புப் பட்டால் நத்தை சாகும் என்று படகு ஜெட்டியிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து பாத்தியைச் சுற்றி ஊற்றினேன். நத்தை செத்தது வாஸ்தவம். கூடவே கீரையும் வெண்டையும் கருகிப் போயின. கடல எடுத்தாந்து தோட்டத்துல ஊத்துன ஆளு இந்தத் தீவுலயே நீங்க ஒருத்தர்தான் என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அழகையா தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டு, அரே பாய், பத்தக் ரக்கோ, வாத்து வாங்கி விடுங்க, நத்தைய அது பாத்துக்கும், நீங்க சும்மா இருங்க என்று புத்தி சொன்னார். பாராடாங் தீவில் அவருக்குத் தெரிந்த வங்காளி வீட்டில் வாத்து வாங்கி, கூடையோடு படகு ஏற்றி, பஸ் முழுக்க அவை கத்த, கொண்டுவந்து சேர்த்தேன். பகலெல்லாம் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. நத்தையைத் தின்கின்றன, முட்டையும் இடுகின்றன. கூண்டு கிடையாது, உன் மாமாவிடம் சொல்.

இனிமேல்தான் எனக்கு மனசு ஆறாத விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் புளிக்குழம்பு. வெண்ணெய் மாதிரி காய். பஜாரில் யாரோ தோட்டக்காரர் கொண்டுவந்தது என்று நினைத்துக்கொண்டு, பார்த்தாயா மரகதம், நம் தீவு மண்ணுக்கு இருக்கிற ருசி பொள்ளாச்சிக்கு வருமா என்று கேட்டு இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். உன் அம்மா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. நான் ஒதுக்கிய விதையை அவள் எடுத்து, பழைய மீன் பெட்டியில் மண் நிரப்பி, துவைக்கிற கல் பக்கம் வளர்த்திருக்கிறாள். என் கடல் தண்ணீர் அங்கே போகவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேனா என்றால் இல்லை, வழித்துச் சாப்பிட்டேன். அதுதான் எனக்கு ஆத்திரம்.

மீனில் மட்டும் அவர் என் கிட்டே வர முடியாது. காலையில் இங்கே கரையேறும் சங்கராவுக்கு யார் தீனி போட்டார், யார் அதை அடைத்து வைத்தார்? பொள்ளாச்சியில் எந்தக் கிணற்றில் அவர் சங்கரா பிடிப்பார்? இதை அவரிடம் சொல்லாதே. இல்லை, சொல்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, படி இறங்கும்போது பிடித்துக்கொள். மாதம் ஏறினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், டாக்டரிடம் இப்போதே கேட்டு வை. நீயும் பிள்ளையும் நூறு வயசு நன்றாக இருங்கள். பிரசவத்துக்கு நீ இங்கே வந்தால், குழந்தை பார்க்க வருகிற அத்தனை பேரிடமும் இந்தக் கத்தரி என் சம்பந்தி கொடுத்த விதை என்று நானே என் வாயால் சொல்வேன். இதற்கு மேல் இறங்கி வர எனக்குத் தெரியாது, உமா. வந்துவிடு.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
நாகலிங்கம்