மேடைச் சால்வை

அடியே ஷம்ஷாத்,

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டே. திருப்பிக்கோ. ஆனா முழுசாக் கேட்டுட்டுத் திருப்பிக்கோ.

ஏரிக்கரை வீடுகளை இடிக்கிற தீர்மானத்துக்கு நான் கை தூக்கினேன், ஆமாம். எதிர்த்தா அடுத்த தடவை கவுன்சிலர் சீட்டு கிடையாதுன்னு மாவட்டச் செயலாளர் சொல்லிட்டார். நீ தையல் மிஷின் முன்னாடி உட்கார்ந்து கத்தலாம்டி. கட்சிக்குள்ள இருந்தாத்தானே நாளைக்கு எதையாவது தடுக்க முடியும்?

அங்கே காம்ப்ளெக்ஸ் கட்டப்போற கான்ட்ராக்டருக்கு என்னையே சால்வை போர்த்தச் சொன்னாங்க. அவசரத்துல பீரோவுல கைக்கு வந்ததை எடுத்துட்டுப் போனேன். நான் ஜெயிச்சப்ப ஏரிக்கரைப் பெண்கள் எனக்குப் போர்த்தினது, நீ நீல நூல்ல ஓரம் அடிச்சுக் கொடுத்தது. போட்டோவுல அதைப் பார்த்துட்டுத்தானே இந்தக் கோபம்? வேணும்னு செஞ்சேனா?

மேடைச் சால்வை யார்கிட்டயும் தங்காதுடி, கைமாறிக்கிட்டே இருக்கும். நேத்து கட்சி ஆபீஸ்ல மாவட்டச் செயலாளர் எனக்கு ஒண்ணு போர்த்தினார். "நம்ம பொண்ணு, சொன்னாக் கேட்கும்"னு சொன்னார். எல்லாரும் கைதட்டினாங்க.

குனிஞ்சு பார்த்தேன். ஓரத்துல உன் நீல நூல்.

இப்படிக்கு,
கை தூக்கினவள்