தட்டியவனுக்குத் திறக்கவில்லை

யோஸ்டைன்,

காற்று தணிந்ததும் இந்தத் துருவ முகாமுக்கு ஹெலிகாப்டர் வரும். அதில் சுன்னிவாவுக்கும் அவள் கணவன் உடலுக்கும்தான் இடம். இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் அடுத்த நடையில் வருவேன்.

வெப்யோன் செவ்வாய்க்கிழமை பனிப்பிளவில் விழுந்து இறந்தான். நானும் சுன்னிவாவும்தான் அவனை இழுத்து வந்து படகுக் கொட்டகையில் கிடத்தினோம். நாடி பார்த்தவள் நான்.

நேற்று காலை காப்பி குடிக்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

"சுன்னிவா, கை விறைச்சுப் போச்சு. கதவைத் தெற." அவன் குரலேதான்.

எழுந்து ஓடியவளைக் குறுக்கே நின்று மறித்தேன்.

"விடுக்கா, அவருதான்."

"கதவு பூட்டவே இல்லை. அவனா இருந்தா இந்நேரம் உன் காப்பியையும் சேர்த்துக் குடிச்சிருப்பான்."

கரடி துரத்தினால் எவரும் ஓடி நுழையட்டும் என்று இங்கே யாரும் கதவைப் பூட்டுவதில்லை, தட்டுவதும் இல்லை. பன்னிரண்டு குளிர்காலங்களில் வெப்யோன் ஒருமுறைகூடத் தட்டியதில்லை.

சத்தம் அடங்கியபின் துப்பாக்கியோடு போய்ப் பார்த்தேன். உடல் கிடத்திய இடத்திலேயே கிடந்தது. வாசல் பனியில் காலடித் தடமே இல்லை.

இன்று அது என் குரலில் கூப்பிட்டது. நான் சுன்னிவாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு திறக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை.

நாங்களாகத் திறக்காதவரை அது உள்ளே வராது போலிருக்கிறது. நானும் திறக்கப்போவதில்லை. அவளை உயிரோடு ஏற்றி அனுப்புவேன்.

நம் வீட்டு வாசலில் என் குரல் கேட்டால் நீ எழுந்து வராதே. என்னிடம் சாவி இருக்கிறது.

உன் மனைவி