கைவைக்காத படம்

என் அன்பு அக்கா,

நீ போய் இருபத்தாறு நாள். செயின்ட்-மிஷேல் வீட்டில் உன் குளிர்ச்சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. எனக்கு அழுகை வரவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தெரியாது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கோயிலில் வைக்கப் பெரிய படம் வேண்டும் என்றார் அம்மா. வீட்டில் கமெராக்காரன் நான்தானே. கல்யாணப் பேச்சுக்கு அனுப்பிய உன் படத்தையே எடுத்துத் தந்தார். நான் கொம்பியூட்டரில் வெள்ளையாக்கிய படம். அன்று அம்மா சொன்னார், நான் செய்தேன். எல்லாரும் செய்வதுதானே என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று நீ தேத்தண்ணி கொண்டுவந்தாய். மாப்பிள்ளையின் தாய் உன்னைப் பார்த்தார், கையிலிருந்த படத்தைப் பார்த்தார். "படத்தில இருக்கிற பிள்ளை இவதானோ?" என்றார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு போனும் இல்லை. கோப்பை கழுவிக்கொண்டே நீ கேட்டாய்: "தம்பி, நீ எந்தப் பிள்ளையை அனுப்பினனீ?" நான் அறைக்குள் போய்விட்டேன். பிறகு நீ கேட்கவே இல்லை. ஏன் அக்கா கேட்கவில்லை?

போன கிழமை, நீ சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கார்டரியிலிருந்து பிள்ளைகள் கீறிய உன் படம் ஒன்று வந்தது. முகத்துக்கு நல்ல கடும் மண்ணிறம் தீட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான், நான் கைவைக்காத மூலப் படத்தைப் பழைய சீடியில் தேடி எடுத்தேன்.

நிறம் அளக்கும் கருவியைக் கொம்பியூட்டர் திரையில் தொங்கவிட்டு, திரை நிறத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தேன். திரையில் நீயேதான். லவாலில் உள்ள படக்கடையில் பிரிண்ட் போட்டால் வேறு யாரோ. முதலாவதில் வெளிறிக் கிடந்தாய். அவர்களின் மெசின் தானாகவே வெளிச்சம் கூட்டுமாம். திருத்த வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அடுத்தது ஒரே இருட்டு. என் திரையில்தான் வெளிச்சம் அதிகம் என்றார்கள், குறைத்தேன். குசினி மஞ்சள் பல்பின் கீழ் வைத்துப் பார்த்து நிறத்தைத் திருத்தி, இன்னும் இரண்டைக் கெடுத்தேன். ஐந்தாவதை யன்னலடியில், பகல் வெளிச்சத்தில், திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டும் ஒன்று. சந்தோசமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. சரி என்று மட்டும் நினைத்தேன்.

அம்மாவிடம் காட்டினேன். "ஐயோ, கறுப்பா விழுந்திட்டுதடா. கொஞ்சம் வெள்ளையாக்கு மோனை, கோயிலுக்குச் சனம் வரும்."

"ஏலாதம்மா. அக்கா இந்த நிறம்தான்."

அம்மா படத்தை மடியில் வைத்துத் தடவினார். பேந்து, "ஓமடா, என்ர பிள்ளை இதுதான். நான்தானே மாத்தச் சொன்னனான்," என்று அழத் தொடங்கினார். நான் படத்தை வாங்கிச் சட்டத்துக்குள் வைத்தேன். நானும் அழுதிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பீடத்துக்கு முன்னால் அந்தப் படம்தான் இருக்கும். இனி யார் கேட்டாலும் எந்தப் பிள்ளையின் முகத்திலும் கைவைக்க மாட்டேன். அன்று கேட்டதை இன்னொருக்கால் கேள், அக்கா. எந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து வைச்சனீ என்று கேள்.

உன்னைத்தான்.

உன் தம்பி