ஞாயிறு நாலரை மணிக் கச்சேரி

மல்லாபூர், ஹைதராபாத்
10-1-2025

அன்புள்ள வேதாவுக்கு,

நீ கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்ததை உன் தங்கை ஜலஜா வாட்ஸ்அப்பில் சொன்னாள். நீ போன் செய்தால் நான் எடுப்பதில்லை என்று அவளிடம் புகார் வேறு வாசித்தாயாம். போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வருகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். காகிதம் என்றால் நிதானமாக எழுதலாம். பிடிக்காவிட்டால் நீ கிழித்தும் போடலாம்.

நீ கிளம்பியதிலிருந்து இந்த வீட்டில் ஒவ்வொன்றாகப் பழுதாகிறது. குக்கர் விசில் அடிப்பதை நிறுத்திவிட்டது. சாதம் அடிப்பிடித்து, பாத்திரத்தைச் சுரண்டிச் சுரண்டி நகம் போனதுதான் மிச்சம். புது கேஸ்கட் போட்டேன், அப்படியும் அடிக்கவில்லை. காலிங் பெல்லும் போச்சு. கூரியர்காரர் வெகுநேரம் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். இப்போதெல்லாம் நாச்சாரம் கர்ரி பாயிண்ட் கடையில் பருப்புப் பப்பும் புளிச்சக்கீரைக் கோங்குராவும் வாங்கிச் சாப்பிடுகிறேன். வயிறு எரிகிறது.

ஞாயிறு நாலரை மணி லண்டன் ரேடியோக் கச்சேரியை மட்டும் விடவில்லை. இந்த மாதம் முழுக்கப் போன நூற்றாண்டில் எழுதிய சிம்பொனிகள். கேட்டு முடித்ததும் வழக்கம்போல என் அபிப்பிராயத்தை லண்டனுக்கு மெயில் எழுதிவிடுகிறேன். கீழ்வீட்டு ராஜீவ் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் ஜீடிமெட்லாவில் நைட் ஷிப்ட் போகிறான் என்பதற்காக லண்டனில் கச்சேரியை நிறுத்த முடியுமா?

நீ எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. தெரிந்தால் காபிப்பொடி எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்யலாம், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பக்தவத்சலம்


கோயம்புத்தூர்
18-1-2025

ஸ்ரீமான் பக்தவத்சலம் அவர்களுக்கு,

கால் கிலோ வாங்குங்கள். ஒருவருக்கு அது தாராளம்.

நான் எதற்குக் கிளம்பினேன் என்பதே மறந்துபோன மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஞாபகப்படுத்துகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜீவ் வாசலில் நின்று, “அங்கிள், தோடா சவுண்ட் கம் கரோ, நைட் டூட்டி உந்தி” என்று கெஞ்சினான். அவன் பெண்டாட்டி ஸ்ரீஜா கைக்குழந்தையோடு பின்னால் நின்றாள். நானும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். நீங்கள் அவர்கள் எதிரில், “இவளுக்கு ஏது காது? இந்த வீட்டில் கேட்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்” என்றீர்கள். கோபத்தில் வந்த வார்த்தை என்றால் மறந்திருப்பேன். நிதானமாகச் சொன்னீர்கள்.

அது மட்டுமில்லை. அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் ஏன் என்று கேட்பதில்லை. எதையாவது சொன்னால் பதில் இல்லை. திரும்பச் சொன்னால் எரிந்து விழுகிறீர்கள். நான் பேசுவது அந்த வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்று புரிந்த பிறகுதான் பெட்டியைக் கட்டினேன். ஜலஜா மாடி அறையை எனக்கென்று ஒழித்துக் கொடுத்துவிட்டாள். இங்கேயே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

குக்கர் விசிலை நான் கொண்டு வரவில்லை. வெயிட்டின் ஓட்டையில் பருக்கை அடைத்திருக்கும். ஊசியால் குத்திப் பாருங்கள். பசித்த வயிற்றில் கோங்குரா வேண்டாம்.

இப்படிக்கு,
வேதவல்லி


மல்லாபூர்
27-1-2025

அன்புள்ள வேதாவுக்கு,

ஊசியால் குத்தினேன். அடிக்கவில்லை.

அன்றைக்கு வார்த்தை தடித்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மாடி அறை, நிரந்தர வாசம் என்றெல்லாம் எழுதுவது கொஞ்சம் அதிகம். உனக்கு நான் வைக்கிற சங்கீதம் ஒரு நாளும் பிடித்ததில்லை. அதைச் சொன்னால் குற்றமா?

நேற்றைய கச்சேரியை நீ கேட்டிருக்க வேண்டும். கேட்டிருக்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது எழுதிய சிம்பொனி. ஆரம்பத்திலேயே பெரிய டிரம்கள், ஊருக்குள் பட்டாளம் நுழைகிற மாதிரி. கடைசியில் டிரம்பெட்டுகள் எல்லாம் ஒன்றாக எழுந்தபோது நம் ஹால் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே லண்டனுக்கு எழுதிப் போட்டேன். இப்படி டிரம் கேட்டு வருஷக்கணக்காகிறது என்று எழுதினேன். அடுத்த வாரம் இடைவேளையில் நேயர் கடிதம் படிக்கும்போது என்னுடையதைப் படித்தாலும் படிப்பார்கள்.

காபிப்பொடி அரைக் கிலோவாக வாங்கிவிட்டேன். கடையில் கால் கிலோ பாக்கெட் இல்லை.

இப்படிக்கு,
பக்தவத்சலம்


கோயம்புத்தூர்
3-2-2025

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

இங்கே வந்த முதல் ஞாயிறு நாலரை மணிக்குக் காபிக்குப் பால் வைத்தேன். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. என் போனில் நீங்கள் போட்டுக் கொடுத்து நான் தொடாமலே வைத்திருந்த ரேடியோ ஆப்பைத் திறந்தேன். அதன் பிறகு ஒரு ஞாயிறும் விடவில்லை. உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வெட்கமாக இருந்தது.

போன மாதம் இருபத்தாறாம் தேதிக் கச்சேரியையும் கேட்டேன். ஆரம்பத்திலேயே அந்த அறிவிப்புக்காரி சொன்னாள், வாத்தியக் குழுவை நடத்துகிறவருக்கு உடம்பு சரியில்லை, யுத்த சிம்பொனி இன்றைக்கு இல்லை என்று. அதற்குப் பதிலாக வேறொன்றை வாசித்தார்கள். வெறும் வயலின்களும் அதன் வகையறாக்களும். டிரம்மும் இல்லை, டிரம்பெட்டும் இல்லை. முதலிலிருந்து கடைசி வரை மெல்லிசாகவே போயிற்று. யாரோ உள்ளே போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வருகிற மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் கடிதம் வந்ததும் நாலு தடவை படித்தேன். ஆப்பில் முன்னாலேயே போட்டிருந்த நிகழ்ச்சிநிரலைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். குக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. பெல்லும் நன்றாகத்தான் இருக்கிறது. போனை ஏன் எடுப்பதில்லை என்பதும், கூப்பிட்டால் ஏன் திரும்புவதில்லை என்பதும் இப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் நீங்கள் என்னை மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இடைவேளையில் உங்கள் மெயிலைப் படித்தார்கள். அந்த அறிவிப்புக்காரி உங்கள் பேரைப் பாதியிலேயே விட்டுவிட்டாள். “ஹைதராபாத் நண்பர் எந்தக் கச்சேரியைக் கேட்டாரோ” என்று சொல்லி அவளும் கூட இருந்தவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லைதான். ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வீட்டு மனுஷரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மட்டும்தான் பாத்தியதை. போனை அணைத்துவிட்டேன்.

நீங்கள் ஒருவேளை இதையும் கேட்டிருக்க மாட்டீர்கள். வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். டாக்டரிடம் போங்கள். கோபம் வந்தால் என் மேல் காட்டுங்கள், ஆனால் போங்கள்.

இப்படிக்கு,
காது இல்லாத வேதவல்லி


கோயம்புத்தூர்
13-2-2025

அன்புள்ள உங்களுக்கு,

பதில் வரவில்லை. நான் எழுதியது அதிகப்படி என்றால் அதையாவது எழுதுங்கள். ஸ்ரீஜாவுக்குப் போன் செய்தேன். காலையில் உங்களைப் பார்த்ததாகச் சொன்னாள், அதனால் நிம்மதி. போன ஞாயிறு நான் ரேடியோ வைக்கவில்லை. தனியாகக் கேட்க மனசு வரவில்லை.

வேதா


மல்லாபூர்
17-2-2025

அன்புள்ள வேதா,

கோபம் இல்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன்.

கருவியில் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் கவர்ன்மெண்டு எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தது. நான் கேஸ்கட்டை மாற்றினேன், பெல்லை மாற்றினேன், ரேடியோவுக்குப் புது ஸ்பீக்கர்கூட வாங்கினேன். அந்த இருபத்தாறாம் தேதி முழுச் சத்தம் வைத்தும் ஒன்றும் வரவில்லை. ஸ்பீக்கரைத்தான் திட்டினேன். பிறகு உட்கார்ந்து, வந்திருக்க வேண்டியதையெல்லாம் எழுதிவிட்டேன்.

கீழே போய் ராஜீவிடம் மன்னிப்புக் கேட்டேன். “பர்வாலேது அங்கிள்” என்றான். தூக்கத்தை விட்டுவிட்டு அவனே ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தான்.

காது சோதிக்கிற பெண் ஒரு படம் போட்டுக் காட்டினாள். தடித்த சத்தங்கள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. மெல்லிய, மேல் ஸ்தாயிச் சத்தங்கள்தான் முதலில் போகுமாம். வயலின், குக்கர், பெண்கள் குரல். எனக்கு முதலில் போனது உன் குரல்தான் வேதா. போன வருஷமே தெரியும். உதடு அசைவது தெரியும், சொல் தெரியாது. எத்தனை தடவைதான் ‘என்ன’ என்று கேட்பது? எரிந்து விழுந்தேன், நீயே பேச்சை நிறுத்திக்கொண்டாய். அது எனக்கு வசதியாக இருந்தது. அப்புறம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

காது மெஷினுக்கு அளவு கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். பேச்சுக்கு ஏற்ற மாதிரி மெஷினைத் திருத்தினால் சங்கீதம் தகரம் மாதிரி கேட்கும்; சங்கீதத்துக்கு ஏற்ற மாதிரி திருத்தினால் பேச்சு இவ்வளவு தெளிவாக வராது. எனக்கு எது முக்கியம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கேட்டாள். பேச்சு என்று எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோவை நீ வைத்துக்கொள். உனக்குக் கேட்கிற அளவு போதும், ராஜீவும் தூங்கட்டும். என்ன வாசித்தார்கள் என்று நீ சொல். லண்டனுக்கு நான் எழுதிப் போடுகிறேன், உன் பேரில்.

அடுத்த வாரம் மெஷின் வந்துவிடும். அதன் பிறகு சபரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுக்கொண்டு வா. செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு அதை மாட்டிக்கொண்டு வந்து நிற்பேன். வண்டியிலிருந்து இறங்கியதும் ஏதாவது பேசு. திட்டுவதாக இருந்தாலும் சரி, கொஞ்சம் நீளமாகத் திட்டு.

உன்
பக்தவத்சலம்