கேட்காமல் வெட்டிய பக்கம்

கீழ்பென்னாத்தூர்
4.8.2025

கஸ்தூரிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. போனில் பேசவும் வரவில்லை. உன் நம்பரை ஏழு வருஷம் முன்பே பிளாக் செய்தவள் நான். இத்துடன் என் நாவல், 212 பக்கம். எடிட்டிங்குக்கு யாரிடம் தரலாம் என்று பதிப்பாளர் கேட்டார். இரண்டு பேரிடம் பத்துப் பத்துப் பக்கம் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் கமாவைத் தவிர எதையும் தொடவில்லை. இன்னொருவர் என் நாயகி பாஞ்சாலையை மதுரைக்காரியாகப் பேச வைத்துவிட்டார். உன்னைவிட நல்ல எடிட்டர் கிடைத்திருந்தால் அவரிடம்தான் போயிருப்பேன்.

ஒரே நிபந்தனை. என் முதல் சிறுகதைத் தொகுப்பில், கடைசிக் கதையின் கடைசிப் பக்கத்தை என்னைக் கேட்காமல் வெட்டி அச்சுக்கு அனுப்பினாய். புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. இதில் ஒரு புள்ளியைக்கூடக் கேட்காமல் தொடாதே.

மணிமொழி

செங்கம் ரோடு, திருவண்ணாமலை
25.8.2025

அன்புள்ள மணிமொழி,

எனக்கு மனசு வருகிறது, அதனால் அன்புள்ள.

மூன்று தடவை படித்தேன். முதலில் பென்சில் இல்லாமல், வெறும் வாசகியாக. பிறகு பென்சிலோடு. கடைசியில் வாய்விட்டு. வீட்டுக்காரம்மா ராணியம்மாள் மாடியேறி வந்து, "யாராண்ட சண்ட போட்டுனு இருக்க?" என்று கேட்டார். பிறகு அங்கேயே உட்கார்ந்து கடைசி இரண்டு அத்தியாயம் கேட்டார்.

நாவல் பிரமாதம். இதை நீ நம்பலாம், முகத்துக்காகச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

ஓரத்தில் 118 கேள்விகள் எழுதியிருக்கிறேன். எதையும் மாற்றவில்லை. உதாரணத்துக்கு ஒன்று: ஐந்தாம் அத்தியாயத்தில் பௌர்ணமியன்று பாஞ்சாலை அடி அண்ணாமலையில் பஸ் ஏறுகிறாள். அந்தக் கூட்டத்தில் கிரிவலப் பாதையில் பஸ் ஏது? நடக்க விடலாமா?

118ஆவது கேள்வி கடைசிப் பக்கத்தைப் பற்றி. பாஞ்சாலை ஊரை விட்டுப் பஸ்ஸில் கிளம்பியதுமே கதை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, ஏன் போனாள் என்று ஒரு பக்கம் விளக்குகிறாய். ராணியம்மாள் பஸ் கிளம்பியதுமே, "போய்ட்டா இல்ல? நல்லா இருக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டார். நீக்கலாமா? கேள்விதான் போட்டிருக்கிறேன், கோடு போடவில்லை.

பழுப்புக் கவரில் இருப்பது உன் பழைய பக்கம். உன் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்ததை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். வெட்டியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கேட்காதது தப்பு. அச்சகத்தில் அவசரப்படுத்தினார்கள் என்று அப்போது சொன்னது வெறும் சாக்கு. கேட்டால் மாட்டேன் என்பாய் என்று பயந்தேன். மன்னித்துக்கொள்.

அந்தத் தொகுப்பின் அடுத்த பதிப்பில் இதைச் சேர்க்கலாமா? இது 119ஆவது கேள்வி.

கஸ்தூரி

கீழ்பென்னாத்தூர்
10.9.2025

கஸ்தூரி,

பாஞ்சாலையை நடக்க விட்டேன். அவள் கால் வலியில் எனக்கு ஒரு நல்ல பத்தி கிடைத்தது. பன்னிரண்டு கேள்விக்கு முடியாது என்று எழுதியிருக்கிறேன். வாதாட வராதே.

118க்காக மூன்று நாள் உன்னைத் திட்டினேன். நாலாம் நாள் உன்னைப் போலவே வாய்விட்டுப் படித்தேன். பஸ் கிளம்பியதும் என் குரலே இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்துக்குக் கோடு போட்டாயிற்று. போட்டது என் பேனா.

119. நீ அனுப்பிய பழைய பக்கத்துக்கு என்னிடம் நகல் இல்லை. அதனால் ஏழு வருஷமாக மனசுக்குள் அதை ஏதோ பெரிய எழுத்தாக வளர்த்து வைத்திருந்தேன். இப்போது படித்தால் சுமார்தான். நீ வெட்டியது சரி. அது புரிந்ததும் ஆத்திரத்தில் அழுதேன்.

ஆனாலும் அடுத்த பதிப்பில் சேர்த்துவிடு. சுமாரானாலும் அது என்னுடையது. வேண்டுமா வேண்டாமா என்று இப்போதாவது கேட்டாயே, அது போதும். நாலு எழுத்துப்பிழை இருக்கிறது, பார்த்துக் கொடு.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். பௌர்ணமிக் கூட்டமும் கம்மியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். காபி நீதான் போட வேண்டும்.

அன்புடன் (இதை வெட்டிவிடாதே),
மணிமொழி